ஊசி போடும் முன் முதுகில் கை வையுங்கள்

வட்டாரக் கால்நடை மருத்துவர்களுக்கும், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வரும் பணியாளர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் நடந்த மலடு நீக்க முகாமைப் பற்றியது இந்த மடல். அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற மாடுகளுக்குக் கருப்பைப் பரிசோதனை ஆயிற்று, ஊசி போட்டாயிற்று, தாது உப்புப் பொட்டலமும் கொடுத்தாயிற்று. மூன்று நான்கு முறை போட்டும் ஊசி நிற்காத மாடுகளின் அட்டையில் 'மலடு' என்று எழுதப்பட்டது. அந்த மாடுகளில் ஒன்றின் முதுகிலாவது யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு சினை ஊசிக்கும் முன்னால் மாட்டைத் தொட்டுப் பார்த்து, அதன் உடல் மதிப்பெண்ணை அட்டையில் எழுதுங்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் கொழுப்பு மடிப்பு. இடையில் கால் கால் புள்ளியாக எழுதலாம். இதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. ஒரு மாட்டுக்கு ஒரு நிமிடம் போதும்.

'மலடு' என்ற சொல் அட்டையில் ஏறினால் அந்த வாரமே தரகர் வாசலில் நிற்கிறார். இரண்டே ஈத்து கறந்த கலப்பின மாடு அடிமாட்டு விலைக்குப் போகிறது. வீட்டுச் செலவுக்கு அந்த ஒரு மாட்டுப் பாலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அதன்பின் அடுத்த மாடு கடனில்தான் வரும். ஆனால் அந்த மாட்டின் கருப்பையில் கோளாறே இல்லாமல் இருந்திருக்கலாம். அது வெறுமனே இளைத்துப்போன மாடாக இருந்திருக்கலாம்.

காரணம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஈன்றபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு ஏறிவிடும். தீனி எடுப்பு உச்சத்தை எட்ட இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை குறையும் சத்தை மாடு தன் கொழுப்பைக் கரைத்தே ஈடுகட்டும். ஈனும்போது 3.25 இருந்த மாடு 2.75க்கு இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். 2.25க்கு இறங்கினால் சினைப்பை ஓய்ந்துவிடும். பருவத்துக்கு வராது, வந்தாலும் கத்தாமல் கமுக்கமாகப் போய்விடும். அந்த நிலையில் போடும் ஊசி வீண். தவறும் ஒவ்வொரு பருவமும் 21 நாள். நான்கு ஊசி தவறினால் 84 நாள் போயிற்று.

எங்கள் பக்கத்துத் தவறையும் ஒளிக்கவில்லை. பால் நின்றதும் தவிடு, புண்ணாக்கை நிறுத்திவிட்டு வைக்கோலோடு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு 4 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் ஒரே படி அளந்து வைப்பதும் நடக்கிறது. 10 லிட்டர் மாட்டுக்கு, இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ கணக்கில், பாலுக்கு மட்டுமே 4 கிலோ அடர் தீவனம் (தவிடு, புண்ணாக்கு போன்றவற்றின் கலவை) வேண்டும். உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ தனி. இளைப்பை, பால் நிறுத்தியபின் அடுத்த ஈற்று வரையுள்ள வற்றுக் காலத்தில் சரிக்கட்ட நினைப்பதும் தவறு. கறவையின் கடைசி மூன்று மாதத்திலேயே தேற்றி, 3.25க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பாலை நிறுத்த வேண்டும். இளைத்த மாட்டுக்குத் தீவனம் கூட்டும்போது மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக்கிலோவாகக் கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி, சாணம் இளகி, மாடு தீனியையே விட்டுவிடும். இவற்றையெல்லாம் மாட்டுக்காரருக்கு எடுத்துச்சொல்ல அந்த ஓர் எண்தான் தொடக்கம். எண் இல்லாத அட்டையைப் பார்த்து யாரும் தீவனத்தைத் திருத்த முடியாது.

தூரத்தில் நின்று கண்ணால் அளப்பது போதாது. நிறைசினையில் வயிறு பெருத்திருக்கும், முதுகு காய்ந்திருக்கும். மயிர் அடர்ந்த மாட்டில் விலா மறைந்துவிடும். ஈனப்போகும் கடைசி நாட்களில் இடுப்புத் தசைநார்கள் தளர்ந்து வாலடி குழிந்து தெரியும், அதை இளைப்பு என்று எழுதிவிடக் கூடாது. கறவை இனத்துக்கு 3 மதிப்பெண்ணிலும் இடுப்பெலும்பு தெரியத்தான் செய்யும். மார்புச் சுற்றளவை வைத்து எடை சொல்லும் எடை நாடாவும் இதற்கு ஈடாகாது: எலும்புக்கூடு பெரிதான மாடு 400 கிலோ இருந்தும் மெலிந்திருக்கலாம்.

அதனால் மாட்டைச் சமதரையில், பின்கால் இரண்டிலும் பாரம் விழும்படி நிறுத்துங்கள். பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நின்று, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடுப்பின் ஓரத்தில் உள்ள குறு எலும்புகளின் நுனியைக் கட்டைவிரலால் தடவுங்கள். நுனிகள் கூராகக் குத்தினால் 1. ஒவ்வொன்றும் தனித்தனியே தட்டுப்பட்டால் 2. அழுத்தினால்தான் தெரியும் என்றால் 3. அழுத்தியும் தெரியாவிட்டால் 4. பிறகு பக்கத்தில் நின்று இடுப்பெலும்பிலிருந்து தொடை மூட்டு வழியாகப் புட்டத்து எலும்பு வரை கோட்டைப் பாருங்கள். அது கூராக உள்ளே மடிந்தால் 3 அல்லது அதற்குக் கீழ், வளைவாகத் தெரிந்தால் 3.25 அல்லது அதற்கு மேல். கடைசியாக வாலடியின் இருபுறக் குழியில் கை வைத்து எண்ணை உறுதிசெய்யலாம். முடிந்தவரை ஒரே ஆள் எண் போடுவது நல்லது, ஆளுக்கு ஆள் கால் புள்ளி மாறும்.

4க்கு மேல் போன மாட்டையும் எழுத வேண்டும். நெடுநாள் சினை நிற்காமல், கறவையும் குறைந்து, தீவனம் மட்டும் குறையாமல் தின்ற மாடு அப்படித்தான் ஆகும். அது ஈனும்போது கன்று சிக்கும், நஞ்சுக்கொடி தங்கும், கல்லீரலில் கொழுப்பு ஏறித் தீனி மறுக்கும். கொழுத்த மாட்டைப் பார்த்து 'நல்லா வெச்சிருக்கீங்க' என்று பாராட்டிவிட்டுப் போவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி ஆகாது.

காதுவில்லையின் 12 இலக்க எண்ணைக் கணினியில் ஏற்ற உங்களுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. ஊசிக் கணக்கும் மாதாமாதம் கேட்கப்படுகிறது. எத்தனை ஊசி என்று கேட்கும் மேலிடம், எந்த உடம்பில் போட்டீர்கள் என்று கேட்பதில்லை. ஊசி எண்ணிக்கை கூடுவதால் கன்று எண்ணிக்கை கூடிவிடாது. ஒருவரே பல ஊர்களுக்கு ஓடும் உங்கள் பாடும் எங்களுக்குத் தெரியும், உங்கள் மேல் மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தின் விலையை எங்கள் மாடுகள் கொடுக்கின்றன.

எனவே பணிவோடு திரும்பவும் கேட்கிறோம். ஈன்றவுடன் ஒருமுறை, சினை ஊசிக்கு முன் ஒருமுறை, பால் நிறுத்தும்போது ஒருமுறை உடல் மதிப்பெண்ணை அட்டையில் எழுதுங்கள். 2.5க்குக் கீழே இருக்கும் மாட்டுக்கு 'மலடு' என்று எழுதாமல், தீவனத் திருத்தம் எழுதி, மதிப்பெண் ஏறியபின் மறுபடி பாருங்கள். அடுத்த முகாமில் எங்கள் மாடுகளைக் காலை ஆறு மணிக்கே குளிப்பாட்டி, சமதரையில் வரிசையாகக் கட்டி வைத்திருப்போம்.

இப்படிக்கு,
வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை மாடு வளர்க்கும் குடும்பத்தினர்