கூடுதுறைக்கு கேமராவோடு வரும் நண்பர்களுக்கு

வணக்கமுங்க.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேன் பிடித்து பவானிக்கு வருகிற போட்டோ குழுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கும் இதே பிழைப்புத்தான். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சீர், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், அப்புறம் சாவு வீட்டுப் படம். ஒருத்தர் காலமானால் அன்று சாயங்காலமே ரேஷன் கார்டையோ பழைய கல்யாண ஆல்பத்தையோ எடுத்துக்கொண்டு ஆள் வந்துவிடும். "முகத்த மட்டும் வெட்டி, மாலை போடற அளவுக்குப் பெருசு பண்ணிக் குடுங்க." செத்தவர் தோளில் கிடக்கும் பக்கத்து ஆள் கையை அழிப்பதில் நான் கெட்டிக்காரன்.

நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சங்கமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் காவிரியும் பவானியும் சேருகிற இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியையும் சேர்த்து மூன்று ஆறு என்பார்கள். காலை ஆறரை மணிக்கு எதிர்க்கரை குமாரபாளையம் பக்கமிருந்து வெயில் தண்ணீர்மேல் சாய்வாக வரும். தலை முழுகி எழுகிறவர்களெல்லாம் கறுப்பு உருவமாகத் தெரிவார்கள், சொட்டுகிற தண்ணீர் மட்டும் மின்னும். அந்த வெளிச்சத்துக்கு நானே எத்தனையோ நாள் கடை திறக்காமல் போய் நின்றிருக்கிறேன்.

ஆடி நோம்பிக்கு வாருங்கள், தாராளமாக எடுங்கள். பதினெட்டாம் தேதி முளைப்பாரியோடு வருகிற பெண்கள், காதோலை கருகமணி, புதுத் தாலிச் சரடு, ஆற்றில் விடுகிற விளக்கு. "இன்னொண்ணு எடுங்க தம்பி, கண்ண மூடிட்டேன்" என்று அவர்களே நிறுத்துவார்கள். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டமும் அப்படித்தான். கேமராவைப் பார்த்தால் ஆட்டத்தில் ஒரு சுற்று கூடும். ஜமக்காளம் நெய்கிற குழித்தறிக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதும், கையையும் காலையும் நிதானமாக எடுக்கலாம்.

திதி குடுக்கிற படித்துறை வேறு.

நாலு வருஷம் முன்னால் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க நானும் தம்பியும் அங்கே நின்றோம். இரண்டு பேருக்கும் மொட்டைத் தலை, ஈர வேட்டி. எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டத்தைக் கரைத்து, கடைசியாகத் தம்பி கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். அவன் லாரி ஓட்டுகிறவன். அம்மா இறந்தபோதுகூட நாங்கள் யாரும் அவன் அழுது பார்த்ததில்லை. கலயத்தைச் சாய்க்கப் போனவன், முடியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "அப்பா" என்றான். அப்போது மேல் படியிலிருந்து வரிசையாகக் கிளிக் சத்தம். திரும்பிப் பார்த்தேன். நாலைந்து பேர், நீளமான லென்ஸ். ஒருவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "உங்க தம்பி மாதிரி இருக்குதுங்களே?" ஒரு கண்காட்சிச் சுவரில், கருப்பு வெள்ளையில், ஆள் உயரத்துக்குத் தம்பி நின்றான். பக்கத்தில் முதல் பரிசு அட்டை. மூன்றாம் நாள் அது சம்பந்தி வீட்டு குரூப் வரைக்கும் போய்விட்டது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்கு மட்டும், "ஆத்துக்கு வேண்டாம், வீட்டுலயே சாமி கும்பிட்டுக்கலாம்" என்றான்.

படம் நல்ல படம். தொழில்காரன் என்பதால் அதை மறைக்க முடியவில்லை. ஃபோகஸ் மிகச் சரியாகத் தாடை நுனியில், விழப்போகிற துளியில் நிற்கிறது. அதனால்தான் இன்னும் கோபம்.

காசிக்குப் போன உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தசாசுவமேத கட்டத்தில் சாயங்கால ஆரத்தியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். கூட்டம் பார்ப்பதற்காகவே நடக்கிறது. படகு, பிணம் எரிக்கிற மணிகர்ணிகையை நெருங்கும்போது படகுக்காரரே கேமராவைக் கீழே வைக்கச் சொல்வார். அங்கே மறுபேச்சில்லாமல் வைக்கிறவர்கள் இங்கே வந்தால் ஏன் மறந்துவிடுகிறீர்கள்? சொல்ல ஆளில்லை என்பதாலா? கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. சந்நிதிப் பக்கம் சரி. ஆற்றுப்படியில் அழுகிறவனுக்கு எந்த உத்தரவு இருக்கிறது?

எங்கள் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804-ல் வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்தது. பங்களாவில் தூங்கியவரை ஒரு சிறுமி எழுப்பி வெளியே கூட்டிவந்தாளாம், உடனே கட்டடம் இடிந்து விழுந்ததாம். அந்த மனுஷனைக் கோயிலுக்குள் விடுகிற வழக்கமில்லை. அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளை போட்டுக் கொடுத்தார்கள் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். ஜில்லாவையே ஆண்ட கலெக்டர், வெளியே நின்று, கொடுத்த துளை வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் லென்ஸும் ஒரு துளைதானே. அதை யார் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

திதி நடக்கிற இடத்தில் வேண்டாம். மற்ற இடங்களில், எடுப்பதற்கு முன்னால் முடியாவிட்டால் எடுத்த பிறகாவது, கிட்டப் போய் "ஏனுங்க, ஒரு படம் எடுத்தனுங்க, பரவால்லைங்களா?" என்று கேளுங்கள். பத்துக்கு எட்டுப் பேர் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டுவந்து கொடுத்தீர்கள் என்றால் ஊரே உங்களுக்குச் சொந்தம்.

இன்னொரு விஷயம். போன மாதம் தம்பி கடைக்கு வந்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். கடைசியில், "அந்தப் படம் கிடைக்குங்களாண்ணா?" என்றான். எதற்கென்று கேட்டேன். "அப்பாவ நான் தூக்கிட்டிருக்கற படம் அது ஒண்ணுதான இருக்குது."

உங்கள் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். மூன்று சைஸுக்கு ரேட் போட்டு, குறுக்கே பெயர் அடித்த ஒரு சின்ன மாதிரிப் படத்தையும் அனுப்பி வைத்தார்கள். பெயர் அடிக்காத முழு ஃபைலை அனுப்பி வையுங்கள். பிரிண்டும் பிரேமும் நான் போட்டுக்கொள்கிறேன்.