எங்கள் பலசரக்குக்கடை ஐயாவின் நினைவாக

உறவுகளே, வணக்கம். ஐயாவின் அந்தியேட்டிக் கிரியை வரும் ஞாயிறு காலை கீரிமலையில் நடைபெறும். மதிய போசனம் அவர் வீட்டில்.

கல்வெட்டில், அதாவது அச்சிடும் நினைவு நூலில், அவரைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். குரல் பதிவும் சரி, நாங்கள் எழுத்தாக்கிக்கொள்வோம்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பவுண் மாதிரி. காசு கூடத் தருகிறேன் என்றாலும் ஐயா ஒருவருக்கே மொத்தமாகக் கொடுக்கமாட்டார். வரிசையின் கடைசி ஆளுக்கும் அரைப்போத்தலாவது கிடைக்க வேண்டும். ஊற்றி முடித்தபிறகும் புனலை எடுக்காமல், கடைசிச் சொட்டு வடியும்வரை பொறுத்து நிற்பார். அதுவும் வாங்கினவருடையது என்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்வில், எல்லோரையும் போல அவரும் தென்மராட்சிக்கு நடந்தார். 1996இல் திரும்பியபோது கடையில் வெறும் தட்டுகள்தான் மிச்சம். அப்புறம் புதுக் கடன்கொப்பி போட்டார். பழைய கடனை ஒருவரிடமும் கேட்டதில்லை. கடன் வைத்திருந்தவர்கள் சொல்லித்தான் இது நமக்கே தெரியும். அவர் செய்ததில் எனக்கு ஆகப் பெரியது அதுதான்.

சனசமூக நிலையத்துக்குப் பேப்பர்க் காசு கட்டியது, கடைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாமான் கட்டிய கடதாசிச் சரையோடு தோடம்பழ இனிப்பு வைத்துக் கொடுத்தது எல்லாம் நீங்களே எழுதுவீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பழைய கடைப் படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். வீட்டில் இருந்தவை இடப்பெயர்வோடு போய்விட்டன.