பெர்செப்ஷன் போடச் சொல்லாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நீ முதல் தடவையாக டிஎம் (கதையை நடத்துகிற டஞ்சன் மாஸ்டர்) நாற்காலியில் உட்கார்ந்தாய். கோப்ளின் பூதங்களுக்கு நீ கொடுத்த குரலை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் கதையில் வந்த அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

நாங்கள் கதவைத் திறந்ததுமே "எல்லாரும் பெர்செப்ஷன் போடுங்க" என்றாய், அதாவது கதாபாத்திரத்தின் கண்ணில் ஏதாவது படுகிறதா என்று பார்க்கிற பகடை. விழுந்தது 4, 9, 7, 11. "ஒண்ணும் தெரியல" என்றாய். அப்புறம் ஒருத்தரும் காலை எடுத்து வைக்கவில்லையே, கவனித்தாயா? ஒன்றுமில்லாத இடத்தில் டிஎம் எதற்குப் பகடை கேட்கப்போகிறான் என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் கதாபாத்திரங்களுக்குத் தெரியாது, தெரியாத மாதிரி நடித்து நேராகப் போய்க் குழியில் விழவும் மனசு வரவில்லை. தரையில் பொறி இருக்கிறதா என்று இருபது நிமிடம் சாப்பாட்டு மூட்டையைத் தூக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணக்கும் உனக்கு எதிராகத்தான் இருக்கிறது. இருபது முகப் பகடையில் ஆளுக்கு +2 போனஸ், எட்ட வேண்டிய இலக்கு 15 என்றால் ஒருவர் கண்டுபிடிக்க 40 சதவீத வாய்ப்பு. நாலு பேரும் போட்டால் ஒருவராவது பார்த்துவிட 87 சதவீதம். அன்று நாலு பேரும் கோட்டைவிட்டதுதான் அதிசயம்.

ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பில் இதற்கென்றே பகடை போடாமல் பார்க்கிற பாசிவ் பெர்செப்ஷன் இருக்கிறது, 10-உடன் அவரவர் பெர்செப்ஷன் போனஸைக் கூட்டினால் முடிந்தது. எல்லாருடைய எண்ணையும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள். டார்ச் கொளுத்தாமல் இருட்டுப் பார்வையை நம்பி நடக்கிற குள்ளனுக்கு அதில் 5 குறைத்துவிடு, ஏனென்றால் கும்மிருட்டு அவன் கண்ணுக்கு மங்கிய வெளிச்சம்தான், பகல் இல்லை. (நானே இதை வருஷக்கணக்காக மறந்திருக்கிறேன்.)

ஆனால் அந்த எண்ணை வைத்து "இங்கே பொறி இருக்கிறது" என்று அறிவித்துவிடாதே. கண்ணில் படுவதை மட்டும் சொல். தாழ்வாரம் முழுக்கத் தூசி, அதில் எலிக் கால்தடங்கள், பத்தடி தள்ளி அந்தத் தடங்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போய் மறுபடி நடுவுக்கு வருகின்றன. இவ்வளவுதான். எண் அதிகமாக இருப்பவருக்கு, தூசியில் ஒரு நேர்க்கோடு தெரிவதையும் சேர்த்துச் சொல். பிறகு "என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். யாராவது கம்பால் தட்டுவார்கள், பொள்ளென்று சத்தம் வரும், பொறி கிடைத்துவிட்டது. பகடையே வேண்டாம். குழியின் மூடி திறக்காதபடி இரும்பு ஆணியை இடுக்கில் செருகும்போது கை நடுங்குமா, பின்னால் ஓநாய்கள் வந்துகொண்டிருக்கின்றனவா, அப்போது கேள் பகடையை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1974-இல் வந்த முதல் பதிப்பில் திருடன் என்ற வகுப்பே (கதாபாத்திர வகையே) கிடையாது, தட்டிப் பார்க்கப் பொருள் பட்டியலில் பத்தடிக் கம்பு இருந்தது. 1975-இல் திருடன் வந்தான், கூடவே அவன் திறமைகளுக்குச் சதவீதப் பகடையும் வந்தது. 1981 பேசிக் பதிப்பில் முதல் நிலைத் திருடனுக்குப் பொறி கண்டுபிடிக்க 10 சதவீதம், பக்கத்தில் நிற்கிற குள்ளனுக்கோ ஆறில் இரண்டு! அந்தத் திருடனை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"அப்போ ரோக் (அந்தத் திருடனுக்கு இப்போதைய பெயர்) எடுத்தவன் எதுக்கு?" என்று கேட்பாய். நியாயம்தான். எல்லாருக்கும் எலித் தடம் தெரியட்டும், அது எந்த வகைப் பொறி, எந்தக் கம்பியை வெட்டினால் அம்பு பறக்காது என்பதை அவனுக்கு மட்டும் கூடுதலாகச் சொல். அவன் தேர்ந்தெடுத்த திறமைக்கு மதிப்பு வேண்டாமா?

நானும் ஒரு காலத்தில் அறிகுறியே இல்லாத பொறி ஒன்றை வைத்து முதல் அரைமணியில் ஒரு நண்பனின் மந்திரவாதிக் கதாபாத்திரத்தைக் கொன்றேன். அந்த நண்பன் மீதி மூன்று மணி நேரமும் மிக்சரில் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வரவில்லை.

தாழ்வாரத்துக் கடைசியில் இருந்த கதவை இன்னும் யாரும் தொடவில்லை. சனிக்கிழமை நான்தான் தொடப்போகிறேன், கைப்பிடி எப்படி இருக்கிறது என்று யோசித்து வை.

அன்புடன்,
அண்ணன்