மரண அறிவித்தலில் அம்மாவின் படம் சரிந்து கிடப்பது பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் காலமான என் அம்மாவின் மரண அறிவித்தலை உங்கள் இணையத்தளத்தில் பணம் கட்டிப் போட்டிருந்தோம். அதில் அம்மாவின் படம் முதல் நாளிலிருந்தே சரிந்து கிடக்கிறது. மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இரண்டு தரம் தொலைபேசியிலும் பேசிவிட்டேன். இன்னும் நிமிரவில்லை. வருகிற வியாழக்கிழமை அம்மாவின் 31ஆம் நாள்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்குமே, அந்த இடத்தில் என் மகள் தன் போனில் எடுத்தது. நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு, ஒரு மான் தட்டை எட்டிப் பார்க்க அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறா. நான் மத்திய வீதியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். அம்மாவை நானே எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவ விறைத்துப் போய்விடுவா. நான் எடுத்த ஒன்றிலும் இந்தச் சிரிப்பு இல்லை. அதனால்தான் வீட்டில் எல்லாரும் சேர்ந்து இந்தப் படத்தைத் தெரிவு செய்தோம்.

அறிவித்தல் வந்த அன்று இரவு ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா போன் எடுத்தா. அவவால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அழுதுகொண்டே கேட்டது இதுதான்: "தம்பி, ஏன் அக்காவைச் சரிச்சுப் போட்டிருக்கிறியள்?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. படுத்திருக்கிற முகத்தைச் செத்தவீட்டில் பார்த்துவிட்டோம். அறிவித்தலில் சொந்தக்காரர் தேடுவது உயிரோடு இருந்த முகத்தை.

உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில், "படத்தை நேராக எடுத்து அனுப்பவும்" என்பது. படம் நேராகத்தான் எடுக்கப்பட்டது. மகளின் போனில் நேராக நிற்கிறது, என் ஸ்டூடியோக் கணினியிலும் நேராக நிற்கிறது. உங்கள் பக்கத்துக்கு வந்த பிறகுதான் அம்மாவின் தலை இடப்பக்கம் போனது.

காரணத்தை நானே தேடிப் பார்த்தேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் உள்ளே இருக்கிற சென்சார் படத்தைக் கிடையாகத்தான் பதிகிறது. அப்புறம் போன் அந்தக் கோப்புக்குள் ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது: இதைக் காட்டும்போது இத்தனை பாகை திருப்பிக் காட்டு என்று. எக்ஸிஃப் என்று படக் கோப்போடு சேர்ந்து வருகிற தகவலுக்குள் ஓரியன்டேஷன் என்ற பெயரில் இருப்பது அதுதான். 1 முதல் 8 வரை ஒரு எண். 1 என்றால் திருப்பத் தேவையில்லை, 3 என்றால் தலைகீழ், 6 என்றால் வலப்பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும். அம்மாவின் அசல் படத்தைத் திறந்து பார்த்தேன். அகலம் 4032, உயரம் 3024, ஓரியன்டேஷன் 6. எந்தக் குறையும் இல்லாத கோப்பு.

உங்கள் பக்கத்தில் தெரிகிற சின்னப் பிரதியையும் இறக்கிப் பார்த்தேன். அகலம் 800, உயரம் 600. எக்ஸிஃப் எதுவுமே இல்லை. அதாவது உங்கள் மென்பொருள் படத்தைச் சுருக்கும்போது குறிப்பைக் கழற்றி எறிந்திருக்கிறது, ஆனால் குறிப்பு சொன்னபடி படத்தைத் திருப்பவில்லை. எக்ஸிஃப்பை நீக்குவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். படம் எடுத்த இடம்கூட அதற்குள் இருக்கலாம், அது ஊருக்கெல்லாம் போகக் கூடாது. ஆனால் முதலில் திருப்பிவிட்டுத்தானே நீக்க வேண்டும்? அந்தச் சின்னப் படத்தைத் தொட்டால் பெரிதாக அசல் திறக்கிறது. அதில் அம்மா நிமிர்ந்து நிற்கிறா, ஏனென்றால் அதில் குறிப்பு அப்படியே இருக்கிறது. 2020இலிருந்து குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி எல்லாம் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தாங்களாகவே திருப்பிக் காட்டுகின்றன.

இதை உங்கள் ஊழியரிடம் சொன்னேன். நாங்கள் அனுப்பிய இரண்டாவது படம் சரியாக வந்திருக்கிறது, ஆகவே பிழை முதல் படத்தில்தான் என்றார். இரண்டாவது படம் தம்பி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போதே நிமிர்த்தி எழுதிவிடுகிறது, அதனால் அது தப்பியது. உங்கள் தளம் செய்யத் தவறியதைத்தான் வட்ஸ்அப் செய்திருக்கிறது.

போன வாரம் "திருத்திவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. திறந்து பார்த்தால் அம்மாவின் தலை இப்போது வலப்பக்கம். மறுபடி இறக்கிப் பார்த்தேன். இந்தத் தரம் படத்தை உண்மையாகவே திருப்பியிருக்கிறீர்கள், அகலம் 600, உயரம் 800. ஆனால் அசலில் இருந்த 6ஐயும் கொண்டுவந்து அதிலே ஒட்டிவிட்டீர்கள். ஏற்கெனவே நிமிர்ந்த படத்தைப் பிரவுசர் இன்னொரு தரம் திருப்புகிறது. உங்கள் அலுவலகத்தில் நேராகத் தெரிகிறது என்றீர்கள். என் ஸ்டூடியோவிலும் பல வருடமாகப் புதுப்பிக்காத பிரவுசரோடு ஒரு பழைய கணினி கிடக்கிறது, அதிலும் நேராகத்தான் தெரிகிறது, ஏனென்றால் பழைய பிரவுசர் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. அக்காவின் ஐபோனில் தெரியவில்லை, சின்னம்மாவின் டெப்பில் தெரியவில்லை. அறிவித்தலைப் பார்க்கிறவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள்.

நானே படத்தை நிமிர்த்தி, 1 என்று மாற்றிச் சேமித்து அனுப்பினேன். படத்தை மாற்ற 2,500 ரூபாய் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அதைக் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். கட்டினால் பிழை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று உங்கள் முகப்புப் பக்கத்தில் அம்மாவோடு சேர்த்து இன்னும் மூன்று பேரின் முகங்கள் சரிந்து கிடந்தன. அந்தக் குடும்பங்களுக்கும் "நேராக எடுத்து அனுப்பவும்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் யார் கோப்பைத் திறந்து எண் பார்ப்பார்கள்? தாங்கள்தான் ஏதோ பிழை விட்டோம் என்று பேசாமல் இருந்திருப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தரவேற்றும் ஒவ்வொரு படத்தையும் முதலில் குறிப்பின்படி திருப்புங்கள், பிறகு குறிப்பை 1 ஆக்குங்கள் அல்லது நீக்குங்கள், அதன் பிறகு சுருக்குங்கள். வெளியிட முன்னர் குடும்பத்தார் பார்த்துச் சரிசெய்ய ஒரு திருப்பும் பட்டன் வையுங்கள். சரிந்து கிடக்கிற மற்ற மூன்று படங்களையும் காசு கேட்காமல் நிமிர்த்துங்கள். அம்மாவின் படத்தில் சின்னது, பெரியது, இணைப்பைப் பகிரும்போது வருகிறது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். புதிய கோப்புப் பெயரில் போடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே பார்த்தவர்களின் போனில் பழையதே வரும்.

வியாழக்கிழமை காலை கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டி, அதாவது 31ஆம் நாள் கிரியை. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வர முடியாதவர்களுக்கு அன்று அந்தப் பக்கத்தைத்தான் அனுப்பப் போகிறோம். எனவே புதன்கிழமை மாலைக்குள் இது முடிய வேண்டும். முடிந்ததும் உங்கள் அலுவலகக் கணினியில் மட்டும் பார்க்காமல், ஒரு ஐபோனிலும் ஒரு புதிய அன்ட்ரொயிட் போனிலும் பார்த்துவிட்டு எனக்கு அறிவியுங்கள். சின்னம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இங்ஙனம்,
அம்மாவின் மூத்த மகன்,
திருகோணமலை.