தோளில் இடுக்கிய கைப்பேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

நேற்று மாலை நான் ஏறிய பஸ்ஸின் ஓட்டுநர், கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே மேம்பாலத்தில் கியர் மாற்றினார். பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். நெஞ்சு பதறிவிட்டது. பேச்சோ ஏதோ சீட்டுப் பணத்தைப் பற்றியது!

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய்.

ஆனால் எங்கள் ஊரில், ஹெல்மெட் அணியாதவரை மடக்கும் போலீஸார், ஹெல்மெட்டுக்குள் கைப்பேசியைச் செருகிப் பேசிக்கொண்டே போகிறவரைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அப்படிப் பேசிக்கொண்டு போகிறவர்களையும் நிறுத்துங்கள். பஸ் ஓட்டுநர்கள் வண்டியை எடுக்கும் முன் கைப்பேசியை நடத்துநரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள்.

– தினசரி பஸ் பயணி, மதுரை