சார்ஜில் போட்டுக்கொண்டே படிக்கலாம்

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே ஊட்டியில் உறைபனி ஆரம்பித்துவிட்டது, காலையில் தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்புத் தூவினாற்போல் கிடக்கிறது.

சரி, புத்தகம் படிக்கிற அந்தக் கிண்டில் கருவியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே அம்மா படிக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். கிண்டிலைச் சார்ஜில் போட்டபடி அம்மா தாராளமாகப் படிக்கலாம், வெடித்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு அவரைத் தடுக்காதே. அந்தத் திரை பக்கம் மாறும்போதுதான் கரண்ட் எடுக்கும், வந்த பக்கம் அப்படியே நிற்க ஒன்றும் வேண்டாம், மற்றபடி செலவெல்லாம் விளக்குக்கும் வைஃபைக்கும்தான். அதனால் அவர் படிக்கப் படிக்கவே சார்ஜும் ஏறும்.

லேப்டாப்பில் மாட்டினால் மட்டும் படிக்க முடியவில்லை என்றாயே, அது பழுதில்லை. உன்னுடையது போன்ற பழைய மாடல்கள் கம்ப்யூட்டரில் செருகியதும் பென் டிரைவ் மாதிரி ஆகி, புத்தகம் ஏற்ற வழிவிட்டுத் திரையைப் பூட்டிக்கொள்ளும். வயரைப் பிடுங்காமல் லேப்டாப்பில் எஜெக்ட் கொடு, பக்கம் திறந்துவிடும், சார்ஜும் நிற்காது.

எனக்குக் கவலை வயரைப் பற்றித்தான். அம்மா படுத்தபடி கிண்டிலை நெஞ்சில் ஊன்றிக்கொண்டுதானே படிப்பார், அப்போது கீழே இருக்கிற வயர் மடங்கி, சார்ஜர் முனை செருகும் அந்தச் சின்ன வாயில் மொத்தக் கனமும் விழும். நாளாக ஆக அது லூஸாகி, இப்படிப் பிடித்தால் ஏறும் அப்படிப் பிடித்தால் ஏறாது என்று ஆகிவிடும். நீளமான வயர் ஒன்று வாங்கிக் கொடு, உட்கார்ந்து படிக்கும்போது மட்டும் மாட்டச் சொல். போர்வைக்குள் வைத்து ஏற்ற வேண்டாம், லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. கடுங்குளிரும் ஆகாது: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி கெட்டுவிடும், அதனால் ராத்திரி காரிலேயே கிடந்த கருவியை நான் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மாட்டுவேன். மதுரையில் உனக்கு அந்தப் பாடு இல்லை.

அப்புறம், பொங்கலுக்கு இங்கே வரும்போது கிண்டிலையும் எடுத்து வா. 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்கிற இணைய நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அம்மாவுக்குப் பிடித்ததாகப் பார்த்து ஏற்றி, எழுத்தையும் பெரிதாக்கித் தருகிறேன். என்னென்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா