பபூன் என்ற சொல்

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வம் எழுதுவது. தங்கச்சி கடிதம் வந்து இருபது நாளாகிறது. சைட்டில் இரவு வேலை, அதனால்தான் தாமதம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. பொட்டலம் விடியற்காலையிலேயே வந்துவிடும். மத்தியானம் பிரிக்கும்போது சாம்பார் கொஞ்சம் புளித்திருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் நம் ஊர் ஆட்களைப் பார்க்கலாம்.

நாடகத்தில் நீங்கள் கோமாளியாகப் போடுகிற பபூன் வேஷம் இருக்கிறதே, அந்தப் பபூன் என்றால் இங்கிலீஷில் முட்டாள் என்று யாரோ சொல்லி, தம்பி பள்ளிக்கூடத்தில் அடிதடி செய்தான் என்றும், அன்றிலிருந்து நீங்கள் மேக்கப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்றும் தங்கச்சி எழுதியிருக்கிறாள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஞாயிறு இங்கிலீஷ் வகுப்பு டீச்சரிடம் போய்க் கேட்டேன். தடியான அகராதியைப் புரட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொன்னார்.

சொன்னவன் பொய் சொல்லவில்லை அப்பா. இப்போது அதைத் திட்டாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் இத்தாலியிலிருந்து பிரான்ஸ் வழியாக இங்கிலீஷுக்குப் போனது. அதன் வேர், கன்னத்தை உப்பிக் காற்றை ஊதுவது! ஆர்மோனியம் நின்றதும் திரையை விலக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு நீங்கள் வந்து நிற்பீர்களே, அதேதான். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோமாளிக்கு இங்கிலீஷில் இருக்கிற மற்ற சொற்களும் அப்படித்தான். க்ளவுன் என்றால் முதலில் பட்டிக்காட்டான். ஜெஸ்டர் என்பவர் முதலில் வீரர்களின் கதை சொன்னவர். ஜேனி என்பது வெனிஸ் பக்கம் ஜொவான்னியைச் சுருக்கிக் கூப்பிட்ட பெயர், நமக்குக் கருப்பையா மாதிரி. நாடகத்தில் வேலைக்காரனாக வந்து சிரிக்க வைத்தவனுக்கு அந்தப் பெயர். லண்டனில் ஜோசப் கிரிமால்டி என்று ஒரு பெரிய கோமாளி, 1837-இல் இறந்தார். அவர் செல்லப்பெயர் ஜோயி. அதற்குப் பிறகு கோமாளிகளையே ஜோயி என்று கூப்பிட்டார்களாம். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் ஏழையின் பெயரைத்தான் எடுத்துத் திட்டாக்கியிருக்கிறார்கள். நம் மேடையில் மட்டும் பபூன் என்பது மரியாதையான தொழில் பெயர். வள்ளி திருமணத்தில் ராஜபார்ட் வருவதற்கு முன்னால் கூட்டத்தை உட்கார வைப்பது யார்?

சீனர்களின் ஏழாம் மாதத்தில் இங்கே ஒரு கோயில் பக்கம் மேடை கட்டி வாயாங் என்கிற சீன நாடகம் போட்டார்கள். அதிலும் ஒரு கோமாளி, மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவன் வந்ததும் பக்கத்தில் நின்ற சீனக் கிழவி நம் அப்பத்தா மாதிரியே வாயைப் பொத்திச் சிரித்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முடியும்வரை நின்றேன். கடைசி பஸ் போய்விட்டது, டார்மெட்டரிக்கு நடந்தேதான் வந்தேன். வழியெல்லாம் உங்கள் குரல்தான்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன். ஓவர்டைம் இல்லை, வேறொன்றுமில்லை. முதலில் தங்கச்சி பீஸைக் கட்டுங்கள், கூரை ஓடு வைகாசிக்குள் மாற்றிக்கொள்ளலாம். அம்மாவிடம் நகையை அடகு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் மாமா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

பங்குனி நாடகத்துக்கு வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

உங்கள் மகன்,
செல்வம்